கிரகணத்துக்கு ஒரு ஃபில்டர்

லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கீறல் விழுந்தால் போனது போனதுதான். செந்தில்நாதன் சார் அப்படித்தான் துடைப்பார், எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார். ஆனால் அதற்காக நான் இதைச் செய்யவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் பிராங்க்ளின். நெய்வேலியில் கேமராவும் லென்ஸும் வாடகைக்குக் கொடுக்கிறேன். என் அப்பா தைரியநாதன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். தங்கை ஷைனியைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் பெர்மனென்ட் என்று சொல்லிவிட்டார். பொய்தான். கான்ட்ராக்ட் என்றால் வந்த கார் அப்படியே திரும்பிப் போகும் ஊர் இது. வரன் அமைந்தது. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று.

அந்த வாரம் டவுன்ஷிப்பில் ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. முதல் பரிசு வாங்கிய படத்தில் என் அப்பா. ஷிப்ட் முடிந்து, பஸ் ஸ்டாப்பில், கரி அப்பிய முகத்தோடு வாய் பிளந்து தூங்குகிறார். கீழே 'ஒப்பந்தத் தொழிலாளி' என்று பெரிதாக எழுதியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்கள். இரண்டாவது ஓலை வாசிக்கவே இல்லை. அதன்பிறகு அப்பா வாசற்படி தாண்டவில்லை. பெட்டியில் வைத்துத்தான் வெளியே எடுத்தோம்.

படம் எடுத்தவர் செந்தில்நாதன் சார். நான் யார் மகன் என்று தெரியாமல் என் கடைக்கே வந்தார். புதுக் கேமரா வாங்கியிருக்கிறேன், எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். போனில் அந்தப் படத்தையும் காட்டினார்.

"எப்படி இருக்கு பிராங்க்ளின்? அந்த முகத்தப் பாரு. என்னா ஒரு எக்ஸ்பிரஷன்!"

"ரொம்ப நல்லா இருக்குங்க சார். அவரு பேரு கேட்டீங்களா?"

"பேரெல்லாம் எதுக்குப்பா? தூங்கிட்டிருந்தாரு, எடுத்துட்டு வந்துட்டேன்."

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். வந்தது. இருந்தாலும் அவருக்குப் பொறுமையாகவே சொல்லிக்கொடுத்தேன். அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், எந்த வெளிச்சத்துக்கு எது என்று ஒன்றும் ஒளிக்கவில்லை. நல்ல மனிதர், காபி இல்லாமல் என்னை அனுப்பமாட்டார்.

சூரிய கிரகணம் வந்தது. நீளமான லென்ஸும் அதற்கு ஃபில்டரும் கேட்டார். சூரியனுக்கென்றே உள்ள ஃபில்டர் என் அலமாரியில் இருந்தது. நான் கொடுத்தது அருவியைப் பால்போல எடுக்கப் போடுகிற கறுப்புக் கண்ணாடி. அது வெளிச்சத்தைக் குறைக்கும், கண்ணுக்குக் கூசாது. ஆனால் கண்ணைச் சுடுகிற கதிர் குறையாது. சுடுவதும் தெரியாது, ஏனென்றால் விழித்திரைக்கு வலி கிடையாது.

அவர் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் நானே டிரைபாடை நிறுத்திக் கொடுத்தேன்.

"இது சேஃப்தானே?"

"சேஃப்தாங்க சார். ஸ்க்ரீன்ல பாத்தா வெயில்ல ஒண்ணும் தெரியாது. வியூஃபைண்டர்ல கண்ண வச்சிக்கினு பாருங்க."

பார்த்தார். அழகாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். இப்போது வலது கண்ணில், எந்த முகத்தைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கிறதாம். சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்கு நான் பொறுப்பு. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவர் மகள் ஹரிணி விஷயத்தை மட்டும் என்மேல் போடாதீர்கள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. அதற்கும் அதே பொட்டு என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன பகை? அவளை மாடிக்குக் கூப்பிட்டது அவர், "பாப்பா, வந்து பாரு" என்றது அவர். பெற்றவர் கூப்பிடும்போது நான் யார் குறுக்கே நிற்க?

"எனக்கு எட்டல அங்கிள்" என்றாள். டிரைபாடைத் தாழ்த்திக் கொடுத்தேன், அவ்வளவுதான்.