பச்சைக் கதவு வீடு

அக்கா: ஆறு மாசமா அப்பா என் வீட்டுலதான்...

தம்பி: உன் வீட்டுலயா? அவர் வந்தா ரெண்டாம் நாளே பெட்டியைக் கட்டி வைக்கிற ஆளு நீ.

அக்கா: நீ ரொம்ப ஒழுங்கு. மனு போட்ட அன்னைக்குத்தான் உனக்கு அப்பா ஞாபகமே வந்துச்சு.

அலுவலர்: ஒவ்வொருத்தரா பேசுங்க. நான் சமரச அலுவலர், நீதிபதி இல்ல. டாக்டர் என்ன சொன்னார்?

தம்பி: ஞாபகம் போயிடுச்சாம். இனிமே அவருக்குப் பதிலா யாராவதுதான் முடிவெடுக்கணும், கையெழுத்துப் போடணும்னார்.

அலுவலர்: அந்தப் பொறுப்பைக் கேட்டு நீங்க உங்க மாநிலத்துல மனு, அக்கா அவங்க மாநிலத்துல மனு. ரெண்டு நீதிபதியும் போன்ல பேசி உங்களை என்கிட்ட அனுப்பியிருக்காங்க. கடைசி ஆறு மாசம் அவர் எங்க குடியிருந்தாரோ, அந்த மாநிலக் கோர்ட்டுதான் விசாரிக்கும். ஆதாரம் இருக்கா?

அக்கா: இந்தாங்க போட்டோ. மார்ச்சுல எடுத்தது. என் வீட்டு வராந்தா.

தம்பி: என்கிட்டயும் இருக்கு. மே மாசம். என் வீடு.

அலுவலர்: ம்... ரெண்டையும் பக்கத்துல வைங்க.

அக்கா: எதுக்கு?

அலுவலர்: பச்சைக் கதவு. கைப்பிடி உடைஞ்ச நாற்காலி. கம்பியில கோடு போட்ட துண்டு. உங்க ரெண்டு பேர் வீடும் இரட்டைப் பிள்ளையா?

அக்கா: உனக்கு வேற படமே கிடைக்கலையாடா?

தம்பி: உனக்குக் கிடைச்சுதா?

அலுவலர்: இது யார் வீடு?

அக்கா: தெரிஞ்சவங்க வீடு. போக வர எட்டிப் பார்ப்போம்.

அலுவலர்: யாரை? வீட்டையா?

அக்கா: ...அப்பாவைத்தான்.

அலுவலர்: எவ்வளவு நாளா அங்க இருக்கார்?

தம்பி: மூணு வருஷம்.

அக்கா: டேய்.

தம்பி: போட்டோவே சொல்லிடுச்சு. நான் வாயை மூடி என்ன ஆகப்போகுது?

அலுவலர்: அந்த வீடு உங்க மாநிலமா, அவங்க மாநிலமா?

தம்பி: ரெண்டும் இல்ல. மூணாவது.

அலுவலர்: அப்போ அந்த மாநிலக் கோர்ட்டுதான். பார்த்துக்கிறவங்களைத்தான் முதல்ல கூப்பிட்டுக் கேட்பாங்க.

அக்கா: அதுக்குத்தான் பயந்தோம். கேட்டா, அனுப்ப மாட்டேன்னுதான் சொல்லுவா. பெத்த அப்பாவை வெளியாள் கையில விட்டுட்டாங்கன்னு நாலு பேர் பேச மாட்டாங்களா?

அலுவலர்: மூணு வருஷம் பார்த்துக்கிட்டவங்க வெளியாளா? அவருக்கு அவங்க என்ன முறை?

தம்பி: மருமக. விவாகரத்து எனக்குத்தான் ஆச்சு மேடம். அப்பா அவளை விட்டு வரலை.