முதல் போர்டுக்காரரைப் பற்றிய மதிப்பீடு

எங்கள் வீட்டில் வைஃபை சமையலறையில் சரியாக வராது. முன்னறையில் நன்றாக வரும், படுக்கையறையில் சுமாராக வரும். அதனால் அவர் முன்னறையில் உட்கார்ந்து விளையாடுவார், நான் படுக்கையறையில் உட்கார்ந்து விளையாடுவேன். நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான். ஒரே இணைப்பிலிருந்து இரண்டு கணக்குகள் ஓராண்டில் நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள் ஒன்றை எதிர்த்து ஒன்று ஆடியிருப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இப்படித்தான்.

உங்கள் சதுரங்கத் தளத்தின் விசாரணைக் குழுவுக்கு எந்த மொழியிலும் பதில் எழுதலாம் என்று போட்டிருந்ததால் தமிழிலேயே எழுதுகிறேன். 'அடங்காக்குதிரை' என்ற கணக்கு என் கணவருடையது. 'சும்மா ஒருத்தர்' நான். அவருக்கு இது தெரியாது. இருவரும் சேர்ந்து ரேட்டிங்கை ஏற்றிக்கொள்ள நாடகம் ஆடினோமோ என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் தவறு. சேர்ந்து எதையும் செய்யும் பழக்கம் எங்களுக்கு விட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது.

நான் ஒரு டைல்ஸ் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டுக்கு நூற்று நாற்பது பேருக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. மூன்று தலைப்புகள்: பாணி, பலம், மேம்படுத்திக்கொள்ள வேண்டியவை. பதினாறு வருடமாக எழுதுகிறேன். ஒரு வரிகூடக் கோபத்தில் எழுதியதில்லை. ஒரே ஒருவர்தான் என் அறிக்கையைப் படித்து அழுதிருக்கிறார், அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அழுதார்.

இது எப்படி ஆரம்பித்தது என்றும் சொல்லிவிடுகிறேன். சென்ற வருடம் எனக்குப் பிரிவுத் தலைவராகப் பதவி உயர்வு வந்தது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரிடம் சொன்னேன்.

“இரும்மா, டைம் ஓடிட்டிருக்கு” என்றார்.

மூன்று நிமிட ஆட்டம்தானே என்று நின்றேன். அது முடிந்து அடுத்தது தொடங்கியது. ஆறு ஆட்டம் நின்றேன். பிறகு திரும்பிப் பார்த்து, “ஏதோ சொல்ல வந்தியே, சாப்பிடலாமா?” என்றார். சாப்பிட்டோம்.

நான் சண்டை போடவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் உங்கள் தளத்தில் கணக்குத் தொடங்கி, அன்று இரவே அவரை ஆட்டத்துக்கு அழைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அவருடைய மூன்று நிமிடம். முழுசாக, வேறெங்கும் பார்க்காமல், என்னை மட்டும் நினைத்துக்கொண்டு. கட்டிய மனைவி கேட்கக் கூடாத வரம் இல்லையே இது.

முதல் மாதம் நன்றாகவே உதை வாங்கினேன். அதன் பிறகுதான் நாற்காலியைக் கவனித்தேன். அவர் உட்காரும் மர நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். ராணியைப் பலிகொடுக்கப் போகிறார் என்றால் முன்னால் சாய்வார், கீச்சென்று ஒரு சத்தம் வரும். எனக்கு வலை விரித்துவிட்டுக் காத்திருக்கிறார் என்றால் தொண்டையைக் கனைப்பார். தப்பான காயைத் தொட்டுவிட்டால் 'த்ச்சு' என்பார். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் துல்லியமாகக் கேட்கும். உங்கள் விதிமுறைகளை இரண்டு முறை படித்தேன், கணினியின் உதவி கூடாது என்று இருக்கிறதே தவிர நாற்காலியின் உதவி கூடாது என்று எங்கும் இல்லை.

இரண்டாம் மாதத்திலிருந்து நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். சாப்பாட்டு மேஜையில் அதைப் பற்றிய பேச்சும் வர ஆரம்பித்தது.

“இன்னிக்கும் அந்த சார் என்னைப் பிரிச்சு மேஞ்சிட்டார்.”

“எந்த சாருங்க?”

“யாருன்னு தெரியல. பெரிய ஆபீசரா இருக்கணும். அவசரமே பட மாட்டேங்கிறார். நான் மனசுல நினைக்கிறதெல்லாம் அவருக்கு எப்படித்தான் தெரியுதோ.”

“சாப்பாடு இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று கேட்டேன். அன்றைக்கு எனக்கும் ஒரு பிடி கூடவே இறங்கியது. என்னைப் பற்றி அவர் இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

எட்டாம் மாதத்தில் ஒரு தவறு செய்தேன். தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் அறிக்கைகள் எழுதும் பருவம். நூற்று நாற்பதை முடித்த கையோடு நூற்று நாற்பத்தொன்றாவதாக அவருக்கும் ஒன்று எழுதி, 'சும்மா ஒருத்தர்' கணக்கிலிருந்து அனுப்பினேன். உங்களிடம் பிரதி இருக்கும், இருந்தாலும் தருகிறேன்.

'பாணி: தாக்குதல். தன் ராஜாவைப் பத்திரப்படுத்தும் முன்பே குதிரைகளை ஏவிவிடுகிறார். எதிராளி பயந்துவிடுவார் என்று நம்புகிறார். பலர் பயந்தும்விடுகிறார்கள்.

பலம்: கைவேகம். முதல் பத்து நகர்வுகளுக்குப் பத்து நொடிகூட எடுப்பதில்லை. ஒரே குதிரையால் இரண்டு காய்களை மிரட்டுவதில் கெட்டிக்காரர். எத்தனை முறை தோற்றாலும் முகம் கோணாமல் அடுத்த ஆட்டத்துக்கு வருகிறார்.

மேம்படுத்திக்கொள்ள வேண்டியவை: கோட்டை கட்டிவிட்டுச் சண்டைக்குப் போகவும். ஜெயிக்கும் நிலை வந்தவுடன் கவனத்தைக் கோட்டை விடுகிறார், அதைத் திருத்தவும். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு நொடியாவது யோசிக்கவும்.'

கடைசி வரியை எழுதும்போது சதுரங்கத்தை மட்டும்தான் மனதில் வைத்திருந்தேன். நாற்காலியைப் பற்றி எழுதவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் மதிப்பீட்டாளருக்கு என்ன மிச்சம்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'சார், என் வாழ்க்கையில யாரும் என்னை இவ்வளவு கவனிச்சதில்லை.' படுக்கையறையில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தேன். பத்தொன்பது வருடமாக அவருடைய சட்டை எங்கே கிழிந்திருக்கிறது, எந்தப் பல் கூசும் என்பதுவரை கவனித்து வருபவள் நான். சந்தோஷமாகவும் இருந்தது, தூக்கி எறிய வேண்டும் போலவும் இருந்தது. கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்க் காபி போட்டேன்.

மறுநாள் அவர் அந்த அறிக்கையைத் தொழிற்சாலையில் அச்செடுத்து வந்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரச் சோதனை அவருடைய வேலை. ஒரு பெட்டியை எடுத்தால் நான்கு மூலையையும் அமுக்கிப் பார்க்காமல் விட மாட்டார். என் அறிக்கையையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் சட்டையை எடுக்கும்போது உதடு அசையப் படிப்பார். கோட்டை கட்டப் பழகினார். ஜெயிக்கும் நேரத்தில் ஒரு மூச்சு நிதானிக்கப் பழகினார். போதாக்குறைக்கு முதுகு வலி என்று சொல்லி மர நாற்காலியை ஓரம் கட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறினார். அது சத்தமே போடாது. அந்த யோசனையைச் சொன்னதும் நான்தான், அவர் வலியால் முனகியது சகிக்காமல்.

பிறகு அவர் என்னைத் தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்கடித்தார்.

தோல்வி எனக்குப் பிரச்சினை இல்லை. திறமை வளர்ந்தால் முதலில் மகிழ வேண்டியவர் மதிப்பீட்டாளர்தான். பதினோராவது ஆட்டம் முடிந்ததும் அவர் அனுப்பிய செய்தியைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல வேண்டும். 'சார், எல்லாம் உங்க புண்ணியம். எங்க தொழிற்பேட்டை கம்பெனிகளுக்குள்ள நடக்கிற டீம் போட்டியில நாங்க ஃபைனல் வந்துட்டோம். நான்தான் முதல் போர்டு, டீமுக்கே முதல் ஆட்டக்காரன். எதுலயும் நான் முதல்ல இருந்தது இல்ல சார். சனிக்கிழமை நாலு மணி, இதே தளத்துல. நேரம் இருந்தா பாருங்க. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்.'

சுவருக்கு இந்தப் பக்கம் அதைப் படித்துவிட்டு எழுந்து முன்னறைக்குப் போனேன். “என்னங்க, சனிக்கிழமை ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன்.

“கம்பெனியில கொஞ்சம் வேலை” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு எரிந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் நான் புகார் எழுதியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் செய்தி வந்தது திங்கட்கிழமை ஏழரை மணிக்கு. நான் புகார் எழுத உட்கார்ந்தது எட்டு மணிக்கு. நடுவில் அரை மணி நேரம் முழுதாக யோசித்திருக்கிறேன்.

'அடங்காக்குதிரை' கணினியின் உதவியோடு ஆடுகிறார் என்று உங்களுக்குப் புகார் அனுப்பியது நான்தான். வெறும் புகாருக்கெல்லாம் நீங்கள் ஒரு கணக்கை மூட மாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே பதினோரு ஆட்டங்களையும் இணைத்து, நகர்வு நகர்வாக, மூன்று பக்கம் எழுதினேன். 'இந்தத் தரத்தில் உள்ள ஒருவர் இவ்வளவு குறுகிய காலத்தில் இப்படித் திருந்துவது இயல்பல்ல' என்ற வரியை நீங்களே உங்கள் கடிதத்தில் மேற்கோள் காட்டியிருந்தீர்கள். நல்ல வரி. இயல்பல்லாதவை என்று நான் அடிக்கோடிட்ட நகர்வுகள் எல்லாம் நானே அலமாரிக் கதவு வழியாக அவருக்குச் சொல்லிக்கொடுத்தவை.

அவர் ஏமாற்றவில்லை என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். ஒன்பதாவது ஆட்டத்தின்போது காபி கொடுக்கும் சாக்கில் கைப்பேசியோடு முன்னறைக்குப் போய் அவர் பின்னால் நின்றேன். திரையில் பலகை மட்டும்தான் இருந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, தன் சொந்த மூளையால் யோசித்துக்கொண்டிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவருடைய பெயருக்குக் கீழே 'நேர்மை விதிமீறல், விசாரணை முடியும்வரை முடக்கம்' என்று சிவப்பில் போட்டீர்கள். அன்று மாலையே அவர்கள் அணித் தலைவரான ஃபோர்மேன் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“என்னப்பா, உன் பேர்ல சிவப்பா என்னமோ போட்டிருக்கானே. பசங்க எல்லாம் பாத்துட்டாங்க.”

“நான் ஒண்ணும் பண்ணலண்ணே.”

“அது சரி. ஆனா நம்ம பேரும் சேர்ந்துல்ல கெடுது. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா நானே முதல் போர்டுல உக்காந்துக்கறேன்.”

அவர் போனை வைத்துவிட்டு, அலமாரிக் கதவைத் திறந்து அந்த அறிக்கையை மறுபடி படித்தார். பிறகு உங்களுக்கு முறையீடு எழுதினார். பிழைகளைத் திருத்திக் கொடுத்தது நான். எழுதி முடித்ததும் என் பக்கம் திரும்பி, “நான் அப்படிப் பண்ற ஆள் இல்லம்மா. நீயாவது நம்பறியா?” என்று கேட்டார்.

“நான் நம்பாம வேற யாருங்க நம்புவாங்க” என்றேன். சொன்னது முழு உண்மை. அவர் குற்றமற்றவர் என்பதில் என்னைவிட உறுதியாக இருக்க யாராலும் முடியாது.

அந்த முறையீட்டை வைத்துத்தான் நீங்கள் பழைய ஆட்டங்களைத் தோண்டி, இணைப்பு ஒன்றே என்று கண்டுபிடித்து, எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அது வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரே வரி எழுதினால் அன்றே கணக்கைத் திறந்துவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். பத்து மணி ஐந்துக்கே நான் அதைப் படித்துவிட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒரு மனிதரைப் பற்றி எழுதும்போது அவசரப்படுவது எனக்குப் பிடிக்காது.

நேற்று நான்கு மணிக்கு அவர் உங்கள் தளத்துக்குள் போய்ப் பார்த்தார். சிவப்பு வரி இருந்தது. நான்கு ஐந்துக்கு மறுபடி பார்த்தார், நான்கு பத்துக்கு இன்னொரு முறை. ஐந்து மணிக்கு ஃபோர்மேனிடமிருந்து 'தோத்துட்டோம்' என்று மட்டும் செய்தி வந்தது. அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கல்யாணமான புதிதில் பேசியதுபோல இரண்டு மணி நேரம் பேசினோம். என் பதவி உயர்வைப் பற்றிக்கூடக் கேட்டார். எப்போது வந்தது, ஏன் சொல்லவில்லை என்றார்.

புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அது பொய். அவருடைய கணக்கைத் திறந்துவிடுங்கள், என்னுடையதை மூடினாலும் எனக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள், புகார் கொடுத்தது யார் என்று மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம். என் மானத்துக்காகக் கேட்கவில்லை. இன்றைய தேதியில் அவர் நம்புவதற்கு என்று நான் ஒருத்திதான் இருக்கிறேன். அதையும் நீங்கள் பறித்துக்கொண்டால் மனிதர் தாங்க மாட்டார்.