ஒற்றை விரல்

மாலை மூன்றரை மணி. டிசம்பர் மாதம், அதுவும் வடக்குக் கோடி, அதனால் இருட்டு எப்போதோ இறங்கிவிட்டது. கல்வத்னெட் ஏரி உறைந்து, அதன் மேல் பனி மூடி, கரை எது ஏரி எது என்று தெரியாத வெறும் வெளி. அதில் ஒரே ஒரு பனிவண்டியின் வெளிச்சம்... மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

அடுப்புக் கதவைச் சாத்துங்கள். இப்படி நெருங்கி உட்காருங்கள். இது நம் ஹில்டிங்கின் அண்ணிக்கு நடந்தது. அவன் இன்றைக்கு வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

அண்ணியின் பெயர் சிக்ரிட். அறுபது தாண்டியவள். அந்த வருஷம் செப்டம்பரில் அவள் கணவன் எவர்ட் இறந்துபோனான். ஏரியில் இல்லை. வண்டியில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், இதயம் நின்று, எல்லோரையும் போல. முதல் பனி விழுவதற்குள் போய்விட்டான்.

அதற்கு முன்பெல்லாம் குளிர்காலம் முழுக்க மூன்று பேரும் ஒன்றாகத்தான் வண்டியை எடுப்பார்கள். முன்னால் தம்பி ஹில்டிங். நடுவில் சிக்ரிட். கடைசியில் எவர்ட். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. கடைசியில் வருகிறவன்தான் கயிறு, உதிரிப் பட்டை, ஸ்பேனர் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். முன்னால் யார் வண்டி நின்றாலும் அவன் வந்து சேர்வான் அல்லவா.

எவர்ட்டின் வண்டி பழையது. இருமுகிற மாதிரி எஞ்சின் சத்தம். பெட்ரோலில் கலந்த ஆயில் எரிகிற, கொஞ்சம் தித்திப்பான புகை நாற்றம். முன்விளக்கில் ஒரு வயர் எங்கோ தளர்ந்திருந்ததால் வண்டி குலுங்கும்போதெல்லாம் விளக்கு மினுக்கும். சிக்ரிட் தன் வண்டிக் கைப்பிடியில் இருந்த, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அந்த மினுக்கலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவாள். வளைவு திரும்பியதும் அது தெரியவில்லை என்றால் நிறுத்திக் காத்திருப்பாள். தெரிந்ததும் கிளம்புவாள்.

"இந்த ஜென்மத்துல அந்த வயரச் சரி பண்ண மாட்டியாண்ணே?" என்று ஹில்டிங் கேட்பான்.

"பண்ணிட்டா, வர்றது நான்தான்னு உங்க அண்ணிக்கு எப்படித் தெரியும்?"

அன்று காலை பெட்ரோல் பங்கில் ஹில்டிங் அவளை மறித்தான். ஏரிக்கு அக்கரையில் அவர்களுடைய மீன்பிடிக் குடிசை இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் போய்க் கூரையில் ஏறிய பனியைத் தள்ளாவிட்டால் கூரை உட்கார்ந்துவிடும். வருஷா வருஷம் எவர்ட் செய்த வேலை.

"தனியாப் போகாதீங்க அண்ணி. நான் முன்னால போறேன், நீங்க வாங்க."

"உன் முதுக எத்தன வருஷம் பாத்தாச்சு. அது ஒண்ணும் அவ்வளவு அழகா இல்ல."

"சரி. கயிறாவது எடுத்தீங்களா?"

அவள் பெட்ரோல் மூடியை இறுக்கினாள். எடுக்கவில்லை. கயிறு எடுப்பது அவள் வேலையாக இருந்ததே இல்லை.

ஊர் எல்லை தாண்டியதும் அவள் செய்த முதல் காரியம், அந்தக் கண்ணாடியை உள்பக்கமாக மடக்கியது. பின்னால் யாரும் இல்லாத கண்ணாடியில் இருட்டு மட்டும்தான் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியவில்லை.

இப்போது நம் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் கதைக்கு வேண்டும். பனியில் எதிரெதிரே வண்டிகள் கடக்கும்போது, வலது கட்டைவிரல் வேகம் கூட்டும் விசையில் இருப்பதால், இடது கையைத் தூக்கிக் காட்டுவோம். எனக்குப் பின்னால் இரண்டு பேர் என்றால் இரண்டு விரல். ஒருவர் என்றால் ஒரு விரல். கடைசி ஆள் விரல்களை மடக்கி முட்டியைக் காட்டுவான். நான்தான் கடைசி, இனி யாரும் இல்லை, நீ நிம்மதியாகப் போகலாம் என்று அர்த்தம். இதில் யாரும் பொய் சொல்வதில்லை. விளையாட்டுக்குக்கூட.

ஏரியின் பாதியில் எதிரே இரண்டு வெளிச்சங்கள் வந்தன. நல்ல வேகம். முதல் ஆள் ஒரு விரல் காட்டினான். இரண்டாவது ஆள் முட்டி. அவளும் கையைத் தூக்கினாள். கடந்து போனார்கள். பனித்தூள் அவள் மேல் வாரி அடித்தது... பிறகு மறுபடியும் தனிமை. அவளுடைய புது வண்டி சத்தமே போடாது. பனியில் ரப்பர்ப் பட்டை உரசும் சீறல் மட்டும்.

குடிசையில் அடுப்பு மூட்டுவதற்காகக் கையுறையைக் கழற்றினாள். விளக்கு வெளிச்சத்தில் இடது கையுறை கண்ணில் பட்டது. ஆள்காட்டி விரலின் முழு நீளத்துக்கும் வெள்ளையாகப் பனித்தூள் உறைந்து ஒட்டியிருந்தது. மற்ற விரல்களில் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

அவள் ஒரு விரல் காட்டியிருக்கிறாள். இத்தனை வருஷமும் நடுவில் வந்தவள், கை தானாகத் தூக்கிய விரல். எனக்குப் பின்னால் ஒருவர் வருகிறார் என்று இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே போவார்கள். யாரும் வரமாட்டார்கள். கரை வரும். யாரோ ஒருவர் ஏரியில் விழுந்து கிடக்கிறார் என்று நினைப்பார்கள். அப்படி நினைத்த பிறகு நம்மில் யார் வீட்டுக்குப் போவோம்? திரும்புவார்கள். தடத்தில் தேடுவார்கள். தடத்தில் இல்லையென்றால்... எல்லோருக்கும் தெரிந்த அந்த இடத்துக்குப் போவார்கள். ஓடை ஏரியில் விழுகிற வாய். அங்கே எந்தக் குளிரிலும் பனிக்கட்டி கனப்பதில்லை. பாதையைக் காட்டும் சிவப்புப் பெருக்கல் குறி வைத்த கம்பங்கள் அதனால்தான் அங்கே சுற்றி வளைந்து போகின்றன.

ஏரியில் போன் எடுக்காது.

அடுப்பை மூட்டாமல், தொப்பியைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினாள்.

காற்று கிளம்பியிருந்தது. தன் தடமே அவளுக்குத் தெரியவில்லை. கம்பம்... அடுத்த கம்பம்... அதற்கடுத்த கம்பம். மனதுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இல்லாத ஒருவனைத் தேடி இரண்டு பேர் செத்துப்போனால், அந்த வீடுகளில் போய் அவள் என்ன சொல்வாள். கை மறந்துபோய்த் தூக்கிக்கொண்டது என்றா?

வளைவு வந்தது. அங்கே, விளக்கு வெளிச்சத்தில், கம்பங்களை விட்டு விலகி ஓடை வாயை நோக்கி இரண்டு புதுத் தடங்கள் போயிருந்தன.

பிரேக்கைப் பிடிக்கவில்லை. அவளும் விலகினாள்.

இரண்டு வண்டிகளும் நின்றிருந்தன. எஞ்சின் அணைந்திருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் அசையாமல் நின்று முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஸ்டூரே, மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். மற்றவன் யெர்கர், ஸ்டூரேவின் தங்கையைக் கட்டியவன். இருவரும் அடுத்த ஊர்க்காரர்கள்.

"கிட்ட வராதீங்க," என்றான் ஸ்டூரே. "வண்டிய அங்கயே நிறுத்துங்க. யாரு?"

"நோர்பி வீட்டு சிக்ரிட்."

"நீங்கதானாக்கா? ஒரு விரலக் காட்டிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. கரை வரைக்கும் போய்ப் பாத்தோம். ஆளையே காணோம். இவன் பெண்டாட்டி மீன் வறுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, எங்க ரெண்டு பேரையும் வறுக்கப் போறா."

"என் தப்புதாம்பா. எனக்குப் பின்னால..."

"பரவால்லக்கா," என்றான் யெர்கர். "அதான் பாத்துட்டோமே."

சிக்ரிட் தன் இடது கையுறையைப் பார்த்தாள். யெர்கரே தொடர்ந்தான்.

"இந்த மச்சான் எனக்கு முன்னால போனான். எதுக்கெடுத்தாலும் அவசரம் இவனுக்கு, கிறிஸ்துமஸ் விருந்துலயும் இப்படித்தான். திடீர்னு எதிர்ல ஒரு வெளிச்சம். மஞ்சளா. மினுக்கி மினுக்கி... வண்டி நிக்குது, எஞ்சின் மட்டும் ஓடுது. இருமுற மாதிரி. அந்த ஆயில் புகை நாத்தம் இங்க வரைக்கும் வந்துச்சு. அந்தாளு இடது கையத் தூக்கி முட்டியக் காட்டுனாரு."

"காட்டிட்டு இறக்கல," என்றான் ஸ்டூரே.

"ஆமா. இறக்கவே இல்ல. நாங்க கிட்டப் போகப் பாத்தோம். அப்படியே புடிச்சிட்டு நின்னாரு. சரி, கடைசி ஆளு கெடச்சாச்சு, இனிமே தேட ஒண்ணுமில்லன்னு வண்டிய அணைச்சோம்..."

யெர்கர் காதை மூடியிருந்த தொப்பியைத் தூக்கிவிட்டான்.

"அணைச்சதும்தான் கேட்டுச்சு. தண்ணி."

மூன்று பேரும் கேட்டார்கள். காற்றுக்குக் கீழே, மெதுவாக, சலசலவென்று. சிக்ரிட் கைவிளக்கை அடித்தாள். ஸ்டூரேவின் வண்டி மூக்குக்கு எதிரே, ஒரு கயிறு வீசும் தூரத்தில், பனி முடிந்துபோயிருந்தது. அதற்கு அப்பால் கறுப்புத் தண்ணீர். குளிரில் அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"எங்க நின்னாரு?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கம்..." என்று ஸ்டூரே ஆரம்பித்தான். அவள் விளக்கை அந்தப் பக்கம் நகர்த்தினாள். வெளிச்சம் போய்ச் சேரவே இல்லை. எல்லாம் தண்ணீர்தான்.

யெர்கர் தாழ்ந்த குரலில் சொன்னான். "அந்தப் பக்கம் இல்ல மச்சான். நடுவுல."

சிக்ரிட் விளக்கைச் சுற்றிலும் அடித்துப் பார்த்தாள்.

"இப்ப எங்க?"

"உங்க வெளிச்சம் தெரிஞ்சதும் கைய இறக்குனாரு. சுத்தி வந்து, உங்களத் தாண்டிப் போய், உங்க பின்னால சேந்துக்கிட்டாரு. இப்பத்தான்... நீங்க பாக்கலையா?"

கண்ணாடி மடங்கியிருந்தது.

"யாருக்கா அவரு? ஒரு நன்றிகூடச் சொல்லல நாங்க."

"என் வீட்டுக்காரர்."

"நாங்க சொன்னதாச் சொல்லிடுங்க."

"சொல்றேன்," என்றாள் சிக்ரிட்.

அவர்கள் தங்கள் தடத்திலேயே பின்வாங்கிப் பாதைக்குப் போனார்கள். யெர்கர் முன்னால். கிளம்பும்போது அவன் வழக்கப்படி ஒரு விரல் காட்டினான், ஸ்டூரே முட்டி காட்டினான். எவர்ட் செப்டம்பரிலேயே போய்விட்டான் என்பது அவர்களுக்கு மறுநாள் பெட்ரோல் பங்கில் ஹில்டிங் சொல்லித்தான் தெரியும். ஸ்டூரே சிரிக்கப் பார்த்தானாம். யெர்கர் பேசாமல் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டானாம்.

சிக்ரிட் குடிசைக்குத் திரும்பினாள். போவதற்கு முன் கண்ணாடியை விரித்து, பனியைத் துடைத்து, பழையபடி சரிசெய்தாள். ஓட்டினாள். கண்ணாடியில் இருட்டு. முதல் வளைவில் நிறுத்தினாள். பின்னால் வருகிறவரின் விளக்கு தெரியவில்லை என்றால் நின்று காத்திருப்பதுதானே முறை. காத்திருந்தாள். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். காற்று மட்டும். கால் மரத்தது, பிறகு கை, பிறகு விசையில் இருந்த கட்டைவிரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போனது.

மினுக்கல் வரவில்லை. இருமல் சத்தம் இல்லை. அந்தப் புகை நாற்றம் ஒரே ஒரு மூச்சுக்குக் கிடைத்திருந்தால்கூடப் போதும் என்றிருந்தது அவளுக்கு. பனிக்கு வாசனையே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் கூரைப் பனியைத் தனியாகவே தள்ளிவிட்டு ஊர் வந்து சேர்ந்தாள். பின்னால் வந்த ஒரே தடம் அவளுடையதுதான்.

இது நடந்து ஆறேழு குளிர்காலம் ஆகிறது. இப்போதும் அவள் தனியாகத்தான் வருகிறாள், போகிறாள். எதிரே வருகிறவர்களுக்கு ஒரு விரல் காட்டுகிறாள். இப்போது அது மறதி இல்லை. நம் ஊரில் யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசுவதில்லை. அவளும் கேட்பதில்லை. ஒரே ஒரு தடவை ஹில்டிங்கிடம் சொன்னாளாம். "அன்னிக்கு எதிர்ல நின்னவங்களுக்கெல்லாம் தெரிஞ்சான். முன்னால போறவளுக்கு மட்டும் தெரிய மாட்டேங்கறான், பாரு."

நீங்கள் நாளைக்கு ஏரியைக் கடக்கும்போது அவள் எதிரே வரலாம். வந்தால் வலது ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். அவள் கடந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அவள் வண்டி வாரி அடிக்கிற பனித்தூள் உங்கள் தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியில் விழும். அதைத் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பொறுங்கள். எதுவும் தெரியாது. எதுவும் கேட்காது.

காற்றே இல்லாத நாளாக இருக்கும்... துடைத்த கண்ணாடியில் இரண்டாவது தடவையும் பனித்தூள் வந்து அடிக்கும்.