விருந்தினர் அட்டை

தெருவில் எனக்குக் கெட்ட பெயர் கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவியைக்கூட நானாகக் கேட்கவில்லை; என் தலையில் கட்டினார்கள்.

கண்டவர்களும் என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு மார்க்கெட்டுக்குப் போனார்கள். எனக்குக் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. ஆனாலும் பால்கனியில் உட்கார்ந்தால் சொந்த வாசல் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? அதனால்தான் தெருவாசிகள் மட்டுமே வண்டி நிறுத்தும் அனுமதி அட்டைத் திட்டத்துக்காக அலையாய் அலைந்தேன். பெரும்பாலான வீடுகள் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கெடுக்க வரும்போது தெரு வெளியார் வண்டிகளால் நிரம்பியிருக்க வேண்டும். அது மாநகராட்சியின் நிபந்தனை. எங்கள் தெருவோ பாதி காலியாகக் கிடக்கும். என் மச்சினன் வாடகைக் கார் விடுகிறவன். கணக்கெடுக்க வந்த அன்றைக்குத் தன் வண்டிகளையெல்லாம் கொண்டுவந்து அடைத்துவிட்டான். எள் விழ இடமில்லை. திட்டமும் வந்துவிட்டது.

கையெழுத்துப் போடாதவர் எதிர்வீட்டு வாத்தியார் ஒருவர்தான். மூச்சுக் கோளாறு, படுத்த படுக்கை. "என்னைப் பார்க்க வர்றவங்க வண்டிய எங்கய்யா நிறுத்துவாங்க?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் வீட்டுக்கு ஒரு விருந்தினர் அட்டை உண்டு என்று பொறுமையாகச் சொன்னேன். அப்போதும் மாட்டேன் என்றார். நாங்கள் கேரம் ஆடிய காலத்திலும் அப்படித்தான், தோற்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அட்டைகள் என் கைவழியாகத்தான் வந்தன. அவருடையதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வேண்டுமென்றால் வந்து கேட்கட்டுமே.

அவரைக் கவனிக்க வரும் நர்ஸ் கேட்டாள்: "அண்ணே, அட்டை வந்துச்சா?"

"வரும்மா. ஆபீஸ் வேலைன்னா முன்னப்பின்னதான் இருக்கும்."

அவள் காரை என் வாசலில்தான் நிறுத்துவாள். முதலில் உள்ளே ஓடி அவரைப் பார்ப்பாள்; பிறகு வந்து டிக்கியிலிருந்து ஆக்ஸிஜன் சிலிண்டரை இறக்குவாள். தினமும் பால்கனியிலிருந்து பார்க்கிறேனே. நேற்று அவள் உள்ளே போனதும், அட்டையில்லாத கார் நிற்கிறதென்று மாநகராட்சி இழுவை வண்டிக்குப் போன் செய்தேன். பக்கத்துத் தெருவில்தான் இருந்திருக்கிறது, உடனே வந்துவிட்டது.

அந்த டிரைவர் நல்ல மனிதர். கொக்கி மாட்டும் முன், "டிக்கில முக்கியமான சாமான் ஏதாவது இருக்குமா சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இருக்காதுங்க" என்றேன்.

அவள் தலைவிரி கோலமாக வண்டிக்குப் பின்னால் ஓடினாள். எனக்கே பாவமாக இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் நான்தான். அது வந்து நிற்க என் வாசல் காலியாக இருந்தது. இல்லாவிட்டால் எங்கே நின்றிருக்கும்? ஆனால் வந்தும் பயனில்லாமல் போய்விட்டது.

அட்டை இதோ, பையிலேயே இருக்கிறது. இன்றைக்குத் துக்கம் கேட்க ஆட்கள் வருவார்கள்; வண்டியை எங்காவது நிறுத்த வேண்டுமே. என்னிடம் வந்து கேட்டால் கொடுக்காமலா இருக்கப்போகிறேன்?