இரண்டாவது கொட்டகைக்கும் பவுடர்

“பன்னிங்களப் பாத்துப் பாவப்பட்டு மாட்டிக்கிட்டேன் லா.”

புஞ்சாக் ஆலாம் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இருந்த பண்ணைத் தொழிலாளி தன் மனைவியிடம் சொன்னார்.

“என்ன செஞ்சீங்க?”

“சதை போடுற பவுடர் வேலை செய்யுதான்னு பாக்க, ஒரு கொட்டகைத் தீவனத்துல மட்டும் கலக்கச் சொன்னாரு மொதலாளி தவுக்கே. நான் ரெண்டுலயும் கலந்துட்டேன். நாளைக்கு ரெண்டு கொட்டகையையும் எடை போட்டு ஒப்பிடுறாங்க.”

“அடடா, தர்மராசா! பன்னிங்களுக்குள்ள ஓரவஞ்சனை ஆகாது. மகன் மட்டும் காலேஜுக்குப் போகலாம், மகள் ஃபேக்டரிக்குப் போகணும்!”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மகளோட யூனிவர்சிட்டி ஃபாரத்துக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். கையெழுத்துப் போடுறீங்களா, தவுக்கேக்கு நான் போன் போடவா?”

“பேனா இல்லையே.”

“ரெண்டு கொண்டாந்திருக்கேன்.”