சுவரை வெட்ட வந்த டாக்டரம்மா

கையை எடும்மா அந்தச் சுவத்துலேர்ந்து. தடவித் தடவிப் பாக்க அதென்ன மாடா? போன வாரம் உன் மாணவப் பசங்க ரெண்டு பேர் வந்து காதை வச்சுக் கேட்டாங்க. என்னடா கேக்குதுன்னேன். அதிர்வுன்னாங்க. அது மாடி வீட்டுக்காரன் தண்ணி மோட்டார் போட்டது.

உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டில்லயே உக்காரு, பரவால்ல. டீயை ஆறவிடாத.

நேத்து ஃபோன்ல டாக்டர் பேசுறேன்னு சொன்னியா, நான் பாட்டுக்கு முட்டிவலியிலேர்ந்து முதுகுவலி வரைக்கும் ஒண்ணு விடாம ஒப்பிச்சுக்கிட்டிருக்கேன். நீயும் அத்தனையும் கேட்டுட்டு, நான் ஜாஸ் இசையில டாக்டர்மாங்கிற. முன்னாடியே சொல்றதுக்கென்ன? சரி இருக்கட்டும், ஜாஸுக்கும் உடம்பு சரியில்லாமப் போகுமில்ல, பாக்க ஆள் வேணுமே.

ஆக, இந்தச் சுவரைப் பேத்து எடுத்துட்டுப் போகணும். யுனிவர்சிட்டியில கண்ணாடிக்குள்ள வைக்கணும், அதுக்கு ரெண்டு விளக்கு போடணும். ஏம்மா, அப்போ எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல என்ன இருக்கும்? துணியா? ஓ, புதுச் சுவர் கட்டித் தருவீங்க. பெயிண்டும் அடிச்சா? ரொம்பப் பெரிய மனசு. வீடு என் பேர்ல இருக்கப் போயி என்கிட்ட வந்து கேக்குறீங்க, இல்லைன்னா இந்நேரம் சுத்தியலோட வந்திருப்பீங்க. யோசிச்சுச் சொல்றேன். நீ கிளம்புறதுக்குள்ள சொல்லிடுறேன், பயப்படாத.

அந்த ஊதல்காரன் இவ்வளவு பெரிய ஆளாவான்னு யாரு கண்டா? பக்கத்து வீட்ல வாடகைக்கு இருந்தவன்தானே. ஹோட்டல்ல ஜனங்க சாப்பிடுறப்ப மூலையில நின்னு ட்ரம்பெட் ஊதுற வேலை. மத்தியானம் தூங்கி எந்திரிச்சு இங்க ஊதிப் பழகுவான். ஒரே பாட்டு. ஆனா நேத்து வாசிச்ச மாதிரி இன்னைக்கு வாசிக்க மாட்டான். ஒருநாள் படிக்கட்டுல மடக்கி, ஏம்பா, மனப்பாடமே ஆக மாட்டேங்குதான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே, இல்லக்கா, ஆயிடக் கூடாதுன்னுதான் பழகுறேன்னான். கிறுக்குன்னு நெனைச்சேன். இங்க ஊதினதையெல்லாம் டேப்புல பதிஞ்சு வச்சிருந்தானாம், அவன் செத்ததுக்கப்புறம் அதைக் கேட்டு நீங்கதான் மேதைன்னு கண்டுபிடிச்சீங்க. உயிரோட இருக்கறப்பவே சொல்லியிருந்தா ஹோட்டல்காரன் அவனை மூலையிலேர்ந்து நடுவுலயாவது நிக்க வச்சிருப்பான்.

இப்போ எங்க பாத்தாலும் அவன்தான். முக்குல இருக்கிற காபிக் கடையில காலையிலேர்ந்து அதே டேப்பு. முடிவெட்டுற கடையில அதே. கேக்குறவன் எவனும் கேக்கிறதில்ல, தலையை மட்டும் ஆட்டுறான். பனியன்ல வேற படம் போட்டுட்டான், ஒரு ட்ரம்பெட், பக்கத்துல ஒரு கரண்டி. கரண்டி யாருன்னா நான், அவன் ஊத ஊத சுவத்துல கரண்டியால தட்டினவளாம். கரண்டியம்மா! காய் வாங்கப் போனா ஒரு பொண்ணு ஓடி வந்து, கரண்டியம்மா, உங்க கூட ஒரு செல்ஃபின்னு நிக்குது. நான் பல்செட்டு கூட மாட்டாம நின்னுக்கிட்டிருக்கேன்.

ஆமா, அவன் டேப்புல சொல்றான்தான், பக்கத்து வீட்டு அக்கா ஆரம்பிச்சிட்டாங்கன்னு. கேட்டிருக்கேன். அவன் வந்த புதுசுல நான் போட்ட சண்டை அப்படி. உடம்புக்கு முடியாத மனுஷன் படுத்துக் கிடக்கிற வீடுய்யா, கை கால் வராத மனுஷன், இங்க உன் சாமானை வச்சு ஊதாதேன்னு தெருவே கேக்கக் கத்துனேன். பாவம், ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தான். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சான். அப்பதான் இந்தப் பக்கத்துலேர்ந்து தட்டுற சத்தம். சண்டைக்காரி தட்டுறான்னு முதல்ல நிறுத்தினான். அப்புறம் கேட்டுப் பாத்திருக்கான். தட்டு அவன் ஊதினதுக்குச் சரியா விழுது. அன்னையிலேர்ந்து நாலு எண்ணிக்கை ஊதுறது, நாலு எண்ணிக்கை நிறுத்துறது. நிறுத்தின இடத்துல சுவர்லேர்ந்து பதில். மேடையில அப்படி ட்ரம்ஸ்காரனுக்கு விடுவாங்களாமே, நீதான் எழுதியிருக்க. ரெண்டு வருஷம் நடந்துச்சு. அதுலதான் உங்க எல்லாருக்கும் வேலை கிடைச்சுச்சு.

உன் புஸ்தகமா? படிக்காம இருப்பேனா, என்னைப் பத்தி நாற்பது பக்கம் எழுதியிருக்க. என்னைக் கட்டிக் குடுத்தப்பகூட எங்க வீட்ல என்னைப் பத்தி இவ்வளவு பேசல. அடுக்களைக்குள்ள அடக்கி வச்ச பெண்ணோட எதிர்க்குரல்னு ஒரு இடத்துல போட்டிருந்த. நல்லா இருந்துச்சு. என்னை யாரும்மா அடக்கினது? எங்க வீட்டுக்காரரா? அந்த மனுஷன் உப்பு கொறைஞ்சாக்கூடச் சொல்ல மாட்டார். தபாலாபீஸ்ல தபாலுக்கு முத்திரை குத்துற வேலை, வீட்டுக்கு வந்தா கையை நீவிக்கிட்டு உக்காந்திருப்பார். அவ்வளவுதான் அவர்.

அப்புறம் அந்தத் தட்டு ஏன் ஒண்ணு லேசாவும் ஒண்ணு ஓங்கியும் விழுதுன்னு ஒரு பெரிய விளக்கம். ஆப்பிரிக்காவுலேர்ந்து கடல் தாண்டி வந்த முரசாம், அடிமைக் கப்பல்லயே வந்துச்சாம், அந்த ஞாபகம் எனக்கே தெரியாம என் கையில இருக்காம். எனக்குத் தெரியாம எங்கிட்ட என்னென்ன இருக்குன்னு உனக்குத் தெரியுது பாரு. அதெல்லாம் விடு. சுவத்துல தட்டித் தட்டி விழுந்த இந்தப் பள்ளமெல்லாம் ஏன் இவ்வளவு கீழ, முழங்கால் உயரத்துல இருக்குன்னு கேட்டுட்டு நீயே பதிலும் சொன்ன. கலைஞி தரையில அமர்ந்து, மண்ணோட தொடர்பை விடாம வாசிக்கிறாள்னு. முட்டிவலிக்காரிம்மா நான், தரையில உக்காந்தா தூக்கிவிட ரெண்டு ஆள் வேணும்.

ஃபோட்டோ எடுக்க வந்தவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? கட்டில் மறைக்குது, நகத்துங்கன்னாங்க. அவங்களே அந்த மூலைக்குத் தள்ளிட்டு, வெறும் சுவரைப் படம் எடுத்துட்டுப் போனாங்க. உன் புஸ்தகத்துல இருக்கிறது அந்தப் படம்தான். நான் இழுத்துப் பழைய இடத்துலயே போட்டுக்கிட்டேன். இன்னைக்குத்தான் நீ கட்டிலோட பாக்குற.

சரி, ஒரு காரியம் செய். டீயைக் கீழ வை. அப்படியே கட்டில்ல படு. அட படும்மா, கடிச்சிட மாட்டேன், உறை நேத்துத்தான் மாத்தினேன். தலையை அந்தப் பக்கம் வை. நேரா மல்லாந்து படு. வலது கையை மறந்துடு, வலது காலையும் மறந்துடு, ரெண்டும் உனக்கு இல்ல. இப்ப இடது கையை மட்டும் பக்கவாட்டுல நீட்டு.

எங்க போய் முட்டுது?

ம்.

ஏதாவது வேணும்னா சுவத்துல தட்டுங்கன்னு நான்தான் அவர் கையில கரண்டியைக் குடுத்தேன். பேச்சு போயிடுச்சு, வேற எப்படிக் கூப்பிடுவார்? டாக்டர், அதாவது ஊசி போடுற டாக்டர், அவருக்கு இனிமே எதுவும் புரியாதும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டார். தண்ணிக்குத் தட்டுவார்னு நான் அடுப்படியில காதைத் தீட்டிக்கிட்டு நின்னிருக்கேன். ஒருநாள் கூடத் தட்டல. எனக்காக ஒரு தடவை தட்டலம்மா அந்த மனுஷன். அவன் ஊதினான், இவர் தட்டினார். முத்திரைக் கட்டையை மையில லேசா ஒண்ணு, தபால் மேல ஓங்கி ஒண்ணு. மையில ஒண்ணு, தபால்ல ஒண்ணு. தபாலாபீஸுக்கு நான் சாப்பாடு கொண்டுபோறப்ப வாசல்லயே கேக்கும் அது. முப்பது வருஷம் செஞ்ச வேலை, எங்கயோ உள்ள கிடந்திருக்கு. நீ கப்பல்ல ஏத்தி அனுப்பிட்ட.

ஊதல்காரன்கிட்ட ஏன் சொல்லலைங்கிறியா? என்னன்னு சொல்றது? கட்டின பொண்டாட்டியைக் கூப்பிடாம உன்னைக் கூப்பிடுறார்னா? எனக்குப் பொறாமைம்மா. தட்டுறது நான்தான்னே அவன் நெனைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.

எந்திரிக்காத, இன்னும் இருக்கு. மேல பாரு. அதோ, ஆளுயரத்துல, தாறுமாறா கொஞ்சம் பள்ளம் தெரியுதா? அதை நீ கவனிக்கவே இல்ல, ஆனா அந்தச் சத்தத்தைப் பத்தித்தான் கடைசி அத்தியாயம் பூரா எழுதியிருக்க. கடைசி டேப்பு. தாளத்தையே உடைச்சு வெளிய வந்துட்டாள், உலக இசையில இதுக்கு ஈடு இல்லைன்னு.

அவர் ஆஸ்பத்திரியில போயிட்டார். எல்லாம் முடிஞ்சு, வந்த சனமெல்லாம் கிளம்பிப் போன மறுநாள். ஊதல்காரன் வெளியூர்ல வாசிக்கப் போனவன் அன்னைக்குத்தான் திரும்பி வந்தான், ஒண்ணும் தெரியாது அவனுக்கு. ஆரம்பிச்சான். நாலு எண்ணிக்கை ஊதினான். நிறுத்தினான். மறுபடி ஊதினான், நிறுத்தினான். நான் இங்க தனியா நிக்கிறேன். பதில் வரலைன்னா அவனும் விட்டுடுவான்ல? அப்புறம் வீட்ல என்ன சத்தம் இருக்கும்? கரண்டியை எடுத்துத் தட்டினேன். எனக்குத் தாளம் வராதும்மா. அழுதுக்கிட்டே கண்டபடி தட்டினேன். அவன் என்னடான்னா, நான் தப்பாத் தட்டத் தட்ட அந்தத் தப்புக்கே ஏத்த மாதிரி ஊதிக்கிட்டுப் போறான். ரெண்டு பேரும் பொழுது சாயுற வரைக்கும் ஊதியும் தட்டியும் கிடந்தோம். அப்புறம் யாரோ அவனுக்கு அவர் போயிட்டதைச் சொல்லியிருக்காங்க. வாசல்ல வந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அந்த வீட்ல அதுக்கப்புறம் அவன் ஊதவே இல்ல.

அழாதம்மா. டாக்டர் அழுதா நோயாளி என்ன செய்யும்?

சுவரைத்தானே கேட்ட, தர்றேன். மேல இருக்கிறது என்னோடது, அதை மட்டும் அளவா வெட்டிக்கிட்டுப் போ. நீ மேதைமைன்னு எழுதினது அதுதான், கண்ணாடிக்குள்ள வச்சுக்கோ, எத்தனை விளக்கு வேணாலும் போட்டுக்கோ. கீழ இருக்கிறதைத் தொடாத. நான் இந்தக் கட்டில்லதான் படுக்கிறேன், கையை நீட்டினா எனக்கு அதுதான் கிடைக்குது.