துப்பியிருக்கலாம்

எங்கள் செவென் மலையில் ஒயின் ருசி பார்ப்பவர் துப்பக் கூடாது, ஐயா. துப்பினால் தோற்றதாக அர்த்தம். செஸ்ட்நட் திருவிழாவில் எங்கள் ஊர் ருசிகாரர் சிப்ரியேனின் கண்ணைக் கட்டிவிட்டுக் கோப்பையைக் கொடுப்போம். எந்தச் சரிவில் விளைந்தது, யார் வீட்டுப் பீப்பாய் என்று சொல்வார். சர்க்கார் தடை செய்த இசபெல் என்ற கலப்புத் திராட்சையின் பெயரை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதைக் குடித்தால் பைத்தியம் பிடிக்கும், கண் அவிந்துபோகும் என்று சர்க்கார் சொல்லிவந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே குடித்துவந்தோம்.

போன வருடம் நகரத்து அதிகாரி ஒருவர் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். கண் கட்டியிருந்த சிப்ரியேன் என் கோப்பையை மோந்து பார்த்தார்.

"இசபெல்லுடா இது! மேல காட்டுப் பழ வாசனை, அடியில நனைஞ்ச நரி நாத்தம். நம்ம அபேல் தோட்டத்துச் சரக்கு. இதுக்கெல்லாம் கண்ணு எதுக்குடா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரே வாரத்தில் என் நாற்பத்திரண்டு கொடிகளையும் பிடுங்கிப்போட்டார்கள். என் மனைவி நொயெமி சாவதற்கு முந்தின வசந்தத்தில் தன் கையால் நட்டவை அவை.

சிப்ரியேன் பன்றித்தொடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வாய் தவறிப்போச்சுடா அபேல்" என்றார். பரவாயில்லை என்றேன். கறி நன்றாகத்தான் இருந்தது.

இந்த வருடம் அவர் கண்ணை நானே கட்டினேன். பீப்பாயில் மிச்சமிருந்த இசபெல்லில், மரச்சாமானுக்கு மெருகு போடும் விஷச் சாராயத்தைக் கலந்திருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"இசபெல்தான். ஆனா உள்ள வேற என்னமோ இருக்குடா."

"முடியலைன்னா துப்பிடுங்கண்ணே" என்றேன்.

ஊரே சிரித்தது. மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். நான் துப்பச் சொன்னதற்குப் பத்துப் பேர் சாட்சி இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலையில், ஜன்னலை ஏன் இன்னும் திறக்கவில்லை என்று பெண்டாட்டியிடம் சத்தம் போட்டாராம். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

அதற்காக நான் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வரவில்லை. சர்க்கார் சொன்னது சரிதான், இசபெல்தான் கண்ணைப் பறித்தது என்று ஊர் முழுக்கப் பயந்து, வீட்டுக்கு வீடு கொடியைத் தோண்டி எரிக்கிறார்கள். நொயெமி அக்கம்பக்கத்துக்கு வெட்டிக் கொடுத்த குச்சிகளிலிருந்து வளர்ந்தவையும் அதில் போய்விட்டன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். விஷம் கலந்தது நான். கொடிமேல் ஒரு குற்றமும் இல்லை. என்மேலும் அவ்வளவாக இல்லை, ஐயா; அவர் துப்பியிருக்கலாம்.